வளைவைக் கற்பித்தவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேரோட்டத்தைக் காணாதவர் நம் கல்லூரியில் எவரும் இருக்க மாட்டார். தேரைப் பார்க்க வருபவர்கள் அலங்காரத்தைப் பார்ப்பார்கள். வடம் பிடிக்கும் கூட்டத்தைப் பார்ப்பார்கள். என் தந்தை சிறு வயதிலேயே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், சக்கரத்தின் அடியில் கட்டை போடும் மனிதர்களைப் பார்க்கச் சொல்வார். நேர் வீதியில் தேரை ஓட்டிச் செல்வது பெரிய காரியமல்ல. நான்கு வீதிகளின் மூலையிலும் அதைத் திருப்பி நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே காரியம் என்பது அவர் கருத்து. அந்தப் பேச்சின் பொருள் சென்ற ஆண்டுவரை எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது மிகவும் தாமதமாகிவிட்டது. அதனால்தான் இந்த மலரில், கோவையில் பிறந்து மறைந்த கார்ப் பந்தய வீரர் எஸ். கரிவரதன் அவர்களின் வாழ்க்கையை எழுத முன்வந்தேன்.

ஏன் கரிவரதன் என்று கேட்கும் நண்பர்களுக்கு முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் முதலாண்டு படித்தபோது, பள்ளியிலிருந்து என்னோடு வந்த நண்பன் ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் பெரும் ஆர்வம் கொண்டிருந்தான். இராசபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள சாலையில் ஓர் இரவு இருவர் போட்டி போட்டு ஓட்டினார்கள். கண்மாய்க் கரையை ஒட்டிய வளைவைத் தாண்டி நான் கையில் கைப்பேசியோடு நின்று நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். நேரம் குறித்தால்தான் போட்டி போட்டியாக இருக்கும் என்ற யோசனையும் என்னுடையதே. மணல் லாரிகள் போகும் பாதை அது. வளைவில் சிந்திக் கிடந்த மணல் இருட்டில் தெரியவில்லை. நண்பனின் வண்டி சறுக்கிக் கல்தூணில் மோதியது. அவன் உயிர் பிழைத்தான்; வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போயிற்று. கணக்கில் என்னைவிட எப்போதும் பத்து மதிப்பெண் அதிகம் வாங்கியவன், படிப்பை விட்டுவிட்டு உறவினர் கடையில் கல்லாவில் அமர்ந்தான். நேரம் குறிக்கும் யோசனை யாருடையது என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

என் தந்தை இராசபாளையத்தில் லேத் பட்டறை ஒன்றில் வேலை செய்பவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. விபத்துக்குப் பிறகு அவர் என்னைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே வேலை செய்துகொண்டே, தாம் இளம் வயதில் கோவையில் வேலை பழகிய நாட்களைப் பற்றிப் பேசினார். மாருதி கார் என்ஜினைப் பின்புறம் வைத்த, தரையோடு தரையாக இருக்கும் ஒற்றை ஆள் பந்தயக் கார் ஒன்று, இழுவை வண்டியில் ஏற்றப்பட்டுத் தம் பட்டறை வாசலைக் கடந்து போனதை அவர் பார்த்திருக்கிறார். அதைச் செய்தவர் பெயர் கரிவரதன் என்று மூத்த தொழிலாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறார். அந்த வளைவில் என் நண்பன் இழந்ததற்கும் அந்த மனிதரின் வாழ்க்கைக்கும் தொடர்பு உண்டு என்று மட்டும் சொன்னார். மீதியை நான் தேடித் தெரிந்துகொண்டேன்.

ஆலை நகரம் தந்த வீரர்

கரிவரதன் 1954-ஆம் ஆண்டு, கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தார். லட்சுமி மில்ஸ் 1910-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதே குடும்பத்தார் 1962-இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் செய்த நூற்பு இயந்திரங்கள் நம் இராசபாளையத்து ஆலைகளிலும் ஓடுகின்றன. இங்கே ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயர் பழக்கமானதே.

கோவை வெறும் பருத்தி நகரம் மட்டுமல்ல. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர். 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவான ஊர். ஆலை இயந்திரம் பழுதானால் உதிரி பாகத்துக்குச் சீமைக்கு எழுதிக் காத்திருக்க முடியாது. உள்ளூர் வார்ப்படச் சாலையும் லேத்தும் அந்தப் பாகத்தைச் செய்தாக வேண்டும். அப்படிச் செய்து செய்து பழகிய கைகள் நிறைந்த ஊரில் வளர்ந்த சிறுவன், காரை வெறுமனே ஓட்டுவதோடு நின்றுவிடாமல் அதைப் பிரித்துப் பார்க்கவும் துணிந்ததில் வியப்பில்லை.

சோழவரத்து ஓடுதளம்

கரிவரதனின் இளமைக் காலத்தில் நம் நாட்டில் கார்ப் பந்தயத்துக்கென்றே அமைந்த தடம் எதுவும் கிடையாது. இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில் 1907-ஆம் ஆண்டிலேயே பந்தயத்துக்கென்று தனித் தடம் கட்டிவிட்டார்கள். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் தடம் 1909-இல் வந்தது. நமக்கோ இரண்டாம் உலகப்போர் விட்டுச்சென்ற விமான ஓடுதளங்களே கதி.

சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம் உள்ள சோழவரத்தில் போர்க்காலத்தில் ஒரு விமானத்தளம் அமைத்திருந்தார்கள். போர் முடிந்தபின் அது வெறிச்சோடிக் கிடந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தைப் பந்தயத் தடமாக மாற்றியது. ஆங்கில எழுத்து ‘டி’ வடிவில் ஒன்றையொன்று சந்திக்கும் நீண்ட ஓடுதளங்களே நேர்ப்பாதைகள். அவை சந்திக்கும் இடங்களும் முடியும் இடங்களுமே வளைவுகள். இது நமக்கு மட்டும் நேர்ந்த ஏழ்மை என்று எண்ண வேண்டாம். 1950-ஆம் ஆண்டு உலக ஃபார்முலா ஒன் போட்டியின் முதல் பந்தயம் நடைபெற்ற சில்வர்ஸ்டோன் தடமும் போர்க்கால விமானத்தளமே.

ஆண்டுதோறும் சோழவரம் பந்தயத்துக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றே வகைக் கார்கள் தெருவில் ஓடிய காலம் அது. அந்தக் கார்களையே மெக்கானிக்குகள் செப்பனிட்டு, என்ஜினைக் கூர்மையாக்கிப் பந்தயத்தில் இறக்கினார்கள். வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்ய அரசின் அனுமதியும் பெரும் பணமும் வேண்டும். ஆகவே அத்தகைய கார்களில் அமர்ந்தவர்கள் மன்னர் குடும்பத்தாரும் பெரும் தொழிலதிபர்களுமே. சோழவரத்தில் வேலிக்கு வெளியே நின்றவர்கள் ஒரு வகை, உள்ளே ஓட்டியவர்கள் வேறு வகை.

இந்தத் தடத்தில்தான் கரிவரதன் நாடறிந்த வீரரானார். செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் வேலிக்கு உள்ளே செல்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அதோடு அவர் நின்றிருந்தால் பழைய பந்தய முடிவுகளின் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் இருந்திருப்பார். நானும் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

ஏழைக்கு எட்டும் கார்

1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்தது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட சிறிய என்ஜின். அதன் ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத்திறனே. பெரிய கார்களை ஓட்டிப் பழகியவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். கரிவரதன் அதில் வேறொன்றைக் கண்டார். அந்த என்ஜின் நாடெங்கும் கிடைக்கும். உதிரி பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

இயற்பியல் மாணவர்களான நமக்கு நியூட்டனின் இரண்டாம் விதி தெரியும். விசை சிறிதாக இருந்தாலும் நிறையைக் குறைத்துவிட்டால் முடுக்கம் கூடும். மாருதி காரின் நிறை ஏறத்தாழ 650 கிலோகிராம். அதில் நான்கு பேர் அமர இருக்கை, கதவு, கண்ணாடி, கூரை எல்லாம் உண்டு. இவற்றையெல்லாம் நீக்கி, ஒருவர் மட்டும் அமரும் இலேசான உடலைச் செய்து, அவருக்குப் பின்னால் அந்த என்ஜினைப் பொருத்தினால் அதே நாற்பது குதிரைகள் வேறு குதிரைகளாகிவிடும். இப்படி 1980-களின் இறுதியில் கரிவரதன் உருவாக்கியதே ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்.

இதில் அவருடைய உண்மையான பெருமை வேகத்தில் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் என்ற கொள்கையில்தான் இருக்கிறது. பணக்காரர் வீட்டுப் பையனிடமும் அதே என்ஜின்; கடன் வாங்கி வந்த பையனிடமும் அதே என்ஜின். அப்போது முந்துவது பணப்பை அல்ல. வளைவை அறிந்த கையும் கண்ணுமே. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கொடுக்கும் தேர்வு போன்றது இது. முதல் தலைமுறையாகத் தேர்வு எழுத வந்தவர்களுக்கு அந்த ஒரே வினாத்தாளின் அருமை தெரியும்.

மிகைப்படுத்த விரும்பவில்லை. ஃபார்முலா மாருதி வந்ததால் என் தந்தையைப் போன்றவரின் மகன் மறுநாளே பந்தய வீரனாகிவிடவில்லை. டயருக்கும் பெட்ரோலுக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டும். இன்றும் மோட்டார் பந்தயம் செலவு மிகுந்த விளையாட்டே. ஆனால் மன்னர்களும் தொழிலதிபர்களும் மட்டும் நுழைந்த கதவு நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கும் சற்றுத் திறந்தது. மெக்கானிக்குகள், வெல்டர்கள், லேத் தொழிலாளிகள் எனப் பல கைகளுக்குப் புதிய வேலையும் புதிய அறிவும் கிடைத்தன.

அதே காலத்தில் தடமும் மாறியது. சோழவரத்தில் பந்தயங்கள் 1980-களின் இறுதியோடு முடிவுக்கு வந்தன. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே 3.7 கிலோமீட்டர் நீளத் தடத்தை அமைத்து, அது 1990-இல் திறக்கப்பட்டது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி காரில்தான் ஓட்டினார். முதல் மூவரில் ஒருவராக மேடையேறினார். அவரே 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். அந்த நாளைப் பார்க்கக் கரிவரதன் இல்லை.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கோவையில் நேர்ந்த சிறு விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். பிறந்து 41 ஆண்டுகளே ஆகியிருந்தன. தரையில் அத்தனை வளைவுகளைக் கடந்தவரை வானம் கொண்டுபோயிற்று. செய்தி வந்த நாளில் கோவைப் பட்டறையில் மூத்த தொழிலாளி ஒருவர் லேத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் வெளியே நின்றதாக என் தந்தை நினைவுகூர்ந்தார்.

செட்டிபாளையத்தில் கண்டது

அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2003-இல், கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் அவர் பெயரால் ஒரு தடம் எழுந்தது. அதுவே கரி மோட்டார் ஸ்பீட்வே. கோவையைச் சேர்ந்த பந்தயக் கார் வடிவமைப்பாளர் பி. விஜயகுமார் அதை உருவாக்கினார். தடத்தின் நீளம் 2.1 கிலோமீட்டர். தேசியப் பந்தயங்கள் அங்கே நடைபெறுகின்றன. மாருதி ஸ்விஃப்ட் என்ஜின் பொருத்திய ஃபார்முலா எல்.ஜி.பி. என்னும் ஒரே மாதிரிக் கார்கள் அங்கே ஓடுகின்றன. கரிவரதன் போட்ட பாதை அது.

சென்ற விடுமுறையில் என் தந்தை சேமித்த பணத்தில் அங்கே போக முடிவு செய்தோம். நண்பனையும் அழைத்தேன். அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. செயற்கைக் காலோடு, இராசபாளையத்திலிருந்து மதுரை, அங்கிருந்து கோவை என்று பேருந்து மாறி மாறி வந்தான்.

அங்கே நான் முதலில் பார்த்தது கார்களை அல்ல. ஒவ்வொரு வளைவின் வெளிப்புறத்திலும் பழைய டயர்களை அடுக்கிக் கட்டியிருந்த சுவரைப் பார்த்தேன். அதற்கு முன்னால் கார் தடம் விட்டு விலகினால் வேகம் குறைந்து நிற்பதற்கென்றே விட்டிருந்த வெற்றிடத்தைப் பார்த்தேன். வளைவுக்கு வளைவு கொடியோடு நிற்கும் பணியாளர்களைப் பார்த்தேன். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. நீலக் கொடி என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழிவிட வேண்டும். சிவப்புக் கொடி என்றால் பந்தயமே நிறுத்தம். ஆம்புலன்ஸ் வண்டி ஒன்று ஓட்டுநரோடு ஆயத்தமாக நின்றது. எங்கள் சாலையோரத்தில் அன்றிரவு இவற்றில் ஒன்றுகூட இல்லை. கையில் கைப்பேசியோடு நான் ஒருவன் நின்றேன், அவ்வளவே.

வகுப்பில் வட்டப் பாதை இயக்கம் பற்றிய சமன்பாட்டைப் பலமுறை எழுதியிருக்கிறேன். சமதளமான வளைவில் சறுக்காமல் செல்லக்கூடிய உச்ச வேகத்தின் இருமடி, உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கலுக்குச் சமம். ஆரம் 50 மீட்டர் என்று கொள்வோம். உலர்ந்த நல்ல சாலையில் உராய்வுக் கெழு 0.8 என்றால், உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர். மணல் சிந்தி அந்தக் கெழு பாதியாகி 0.4 ஆகிவிட்டால், உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் எவ்வளவு திறமை இருந்தாலும் வண்டி நேர்கோட்டில்தான் போகும். ஓட்டுபவனின் துணிச்சலுக்கு அந்தச் சமன்பாட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. அந்தக் கணக்கைத் தேர்வில் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். கண்மாய்க்கரை வளைவில் அதை மறந்து நின்றவனும் நானே.

பந்தயத்தின் நடுவே ஒரு கார் வளைவில் கட்டுமீறிச் சுழன்று, தடம் விட்டு விலகி, புழுதியில் சறுக்கி நின்றது. உடனே மஞ்சள் கொடி உயர்ந்தது. பின்னால் வந்தவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். ஓட்டியவர் கச்சையை அவிழ்த்து, இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு தன் இரு கால்களால் நடந்து வந்தார். எனக்கும் என் நண்பனின் வயதுக்கும் நிகரான வயதுதான் அவருக்கும் இருக்கும். அவர் நடந்து வேலியைக் கடக்கும் வரை என் நண்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். அங்கேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து என் கைப்பேசியை வாங்கி, அடுத்து வந்த காரின் சுற்றுக்கு நேரம் குறித்தான். குறித்துவிட்டு, மெதுவான வளைவில் முதலில் வேகத்தைக் குறைத்தவரே நேர்ப்பாதையில் மற்றவரை முந்துகிறார் என்பதை எங்களுக்கு எடுத்துச் சொன்னான். கணக்கில் பத்து மதிப்பெண் அதிகம் வாங்கியவன் என்றேன் அல்லவா?

திரும்பும் வழியில் பேருந்தில் என் தந்தை ஒன்று சொன்னார். ஓட்டுபவனுக்குப் பிழைக்க வழி வைத்துவிட்டுப் பிறகு வேகத்தைக் கேட்பதே பந்தயம். வழி வைக்காமல் வேகத்தைக் கேட்பது சூதாட்டம் என்பது அவர் எண்ணம். எட்டாம் வகுப்பு மட்டுமே படித்தவர் இதைச் சொன்னார்.

மாணவத் தோழர்களே, கரிவரதன் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேகத்தை அல்ல. தமக்குத் திறந்திருந்த கதவைப் பிறருக்கும் திறந்துவைத்த மனத்தை எடுத்துக்கொள்வோம். கையில் கிடைத்த சிறிய என்ஜினை இகழாமல், அதற்கேற்ற உடலைச் செய்த அறிவை எடுத்துக்கொள்வோம். நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர்கள். நம் பெற்றோர் நமக்காக வடம் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். வளைவில் கட்டை போடும் வேலையாவது நம்முடையதாக இருக்கட்டும்.

ஒரு செய்தியோடு முடிக்கிறேன். என் நண்பன் வரும் கல்வியாண்டில் மீண்டும் கல்லூரியில் சேர விண்ணப்பம் வாங்கியிருக்கிறான். கணிதப் பாடம் கேட்டிருக்கிறான். இந்த மலர் அச்சாகி வரும் நாளில் முதல் பிரதியை அவனிடம் கொடுப்பேன். அந்த இரவின் யோசனை யாருடையது என்பதை அவன் காத்து வைத்திருந்தான்; இனி அவன் காக்க வேண்டியதில்லை.